டவர் இரண்டு நின்றுபோவது தொடர்பாக

புதுச்சேரி
4 மார்ச் 2025

அனுப்புநர்: வ. கலியபெருமாள், ஷிப்ட் பொறுப்பாளர், உற்பத்திப் பிரிவு
பெறுநர்: திரு. க. ராஜவேல், கருவிகள் பிரிவு

பொருள்: டவர் இரண்டு அடிக்கடி நின்றுபோவது தொடர்பாக.
பார்வை: ஏதுமில்லை. நீங்கள்தான் என்னைப் பார்ப்பதே இல்லையே.

ஐயா,

இதை உங்கள் அக்காள் புருஷன் என்ற முறையில் நான் எழுதவில்லை. ஷிப்ட் பொறுப்பாளர் என்ற முறையில் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சால்வென்டைக் காய்ச்சிச் சுத்தம் செய்யும் நமது டவர் இரண்டு, பிப்ரவரி மாதத்தில் மட்டும் நாலு முறை தானாக நின்றுவிட்டது. அழுத்தம் ஏறிவிட்டது என்று உங்கள் எமர்ஜென்சி ஷட்டவுன் பெட்டி தானே முடிவு செய்கிறது. ஸ்டீம் வால்வை மூடுகிறது. எங்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதன்பின் சூடேற்றி மறுபடி ஓடவிட நாலு மணி நேரம் ஆகிறது. நாலில் மூன்று என் ஷிப்டில் நடந்தது. அந்தப் பெட்டிக்கு என்மேல் ஏதோ கோபம் என்று ஷிப்ட் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். பெட்டிக்குக் கோபம் வராது என்பது எனக்குத் தெரியும். பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வரலாம்.

நேரில் சொல்லலாம் என்றால் கேன்டீனில் என்னைக் கண்டதும் தட்டோடு எழுந்து போகிறீர்கள். ஃபோனில் சொல்லலாம் என்றால் ஆலைக்குள் ஃபோன் கூடாது. வெளியிலோ என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே ஸ்டோரில் இருக்கும் முசியே ஜில்பேர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து பென்ஷன் வாங்கும் மனிதர், ஒட்டிய கவரைப் பிரிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

காதுகுத்து விஷயத்தைப் பற்றி இதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இப்படிக்கு,
வ. கலியபெருமாள்

பி.கு.: உங்கள் அக்கா போன வாரம் சுறாப்புட்டு வைத்து அனுப்பிய எவர்சில்வர் டப்பா இன்னும் திரும்பி வரவில்லை. சண்டை நமக்குள்தான். டப்பா என்ன செய்தது?

•

5 மார்ச் 2025

பொருள்: தங்கள் நேற்றைய கடிதம்.
பார்வை: ஜில்பேர் படித்துவிட்டுக் கொடுத்த அதே கடிதம்.

ஐயா,

கவர் பிரிந்துதான் வந்தது. “ஒங்க மாமா நல்லா எழுதறாரு, ஆனா கமா போடத் தெரியல” என்றார் முசியே.

பெட்டிக்கும் சரி, எனக்கும் சரி, டவர்மேல் கோபம் கிடையாது. டவர் உச்சியில் மூன்று பிரஷர் மீட்டர்கள் வைத்திருக்கிறோம். ஒன்று மட்டும் கத்தினால் பெட்டி கேட்காது. அது மீட்டரின் கோளாறாகவும் இருக்கலாம் அல்லவா? மூன்றில் இரண்டு சேர்ந்து சொன்னால்தான் நிறுத்தும். பதிவை எடுத்துப் பார்த்தேன். நாலு முறையும் மூன்று மீட்டரும் சேர்ந்தே கத்தியிருக்கின்றன. அழுத்தம் உண்மையிலேயே ஏறியிருக்கிறது. காரணம் கூலிங் தண்ணீர் பம்ப். அது இழுக்காமல் திணறுகிறது என்று நவம்பரிலேயே எழுதிக் கொடுத்தேன். பம்பைப் பாருங்கள், பெட்டி வாயைத் திறக்காது.

நீங்கள் எழுதாத காதுகுத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். பிப்ரவரி 16, காலை 5.40க்கு டவர் நின்றது. நீங்கள் விசேஷ வீட்டுக்காரர், லீவு. உங்கள் இடத்தில் உதவியாள் செம்மல் மட்டும் இருந்தான். அவன் கூப்பிட்டபோது பட்டு வேட்டி கட்டி, மயிலம் கோயிலுக்குக் கிளம்ப வண்டியில் சாவி போட்டுவிட்டேன். அந்தப் பட்டு வேட்டியோடுதான் போய் பேனல் முன்னாலும் ஸ்டீம் வால்வு அடியிலும் உட்கார்ந்தேன். “ஒம்போது மணிக்குள்ள வந்துடறேங்கா” என்று அஞ்சலாட்சியக்காவிடம் சொன்னேன். மலையேறி வந்து நின்றபோது மணி ஒன்பது ஐம்பது. உங்கள் மகள் அபி காதில் கம்மல் ஏறிவிட்டது. உட்கார்ந்திருந்தது யார் மடியில்? ஒன்றுவிட்ட தம்பி ஹரிகிருஷ்ணன் மடியில். கூடப்பிறந்த தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது! அந்தப் படத்தை அவன் இன்றுவரை ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறான்.

டப்பாவை முசியேயிடம் கொடுத்திருக்கிறேன். வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது என்பதால் அபிக்கு முறுக்கு இருக்கிறது. முசியே எடுத்தது போக.

க. ராஜவேல்

•

10 மார்ச் 2025

திரு. ராஜவேல் அவர்களுக்கு,

முறுக்கு ஏழு வந்தது.

காத்திருக்கவில்லை என்றுதானே உங்களுக்குக் கோபம். நல்ல நேரம் ஒன்பதோடு முடிந்தது. ஒன்பது இருபதுவரை காத்திருந்தோம். காது குத்தும் ஆசாரிக்கு இன்னும் ஆறு குழந்தைகள் வரிசையில் இருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மூன்று வயதுக் குழந்தை எவ்வளவு நேரம் உட்காரும்? எதிரே இருந்த ஆட்டுக்குட்டியைப் பிடிக்கப் படியில் இறங்கி ஓடிவிட்டது. பிடித்து வந்தவன் ஹரிகிருஷ்ணன். யார் மடியில் இருந்ததோ அங்கேயே குத்தியாகிவிட்டது. உங்களுக்கு அக்காள் மகளைவிட ஒரு வால்வு பெரிதாய்ப் போய்விட்டது என்று என் அம்மா நாலு பேர் முன்னால் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

இனி அலுவல். வரும் 24ஆம் தேதி பிரான்சிலிருந்து நம் சரக்கை வாங்கப்போகிற கம்பெனிக்காரர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள். பொலின் என்ற அம்மையார் தலைமை. மேனேஜர் அன்பழகன் என்னைக் கூப்பிட்டு, “கலியபெருமாளு, அன்னிக்கு டவர் நிக்கக் கூடாது. டவர் நின்னா நாம ரெண்டு பேரும் நிப்போம், ரோட்ல” என்றார். அன்று ஒரு நாளைக்கு உங்கள் பெட்டியின் வாயைக் கட்ட வேண்டும். பைபாஸ் சாவி உங்கள் மேசையில் பூட்டி இருப்பதாகச் சொன்னார். கொடுத்தனுப்பவும்.

வ. கலியபெருமாள்

•

11 மார்ச் 2025

ஐயா,

சாவியைத் திருப்பினால் மூன்று மீட்டரும் சேர்ந்து கத்தினாலும் பெட்டி கேட்காது. அதனால் அது பீரோ சாவி மாதிரி கேட்டவுடன் கொடுப்பதல்ல. ஒரு படிவம் இருக்கிறது. இணைத்திருக்கிறேன். என்ன காரணம், எவ்வளவு நேரம், அதுவரை மாற்றுப் பாதுகாப்பு என்ன என்று எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்: முதலில் நீங்கள், அடுத்து நான், கடைசியில் மேனேஜர். மீட்டரைக் கழற்றித் துடைக்க வேண்டும் என்றால் அரை மணி நேரத்துக்கு நானே போடுவேன். விருந்தாளி வருகிறார்கள் என்பதற்கு இதுவரை போட்டதில்லை.

ஆட்டுக்குட்டி விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

க. ராஜவேல்

•

17 மார்ச் 2025

ராஜவேல் அவர்களுக்கு,

உங்கள் படிவத்தை வைத்துக்கொண்டு ஆறு நாள் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மேனேஜரைக் கேட்டேன். “அவசரம்னு எழுது” என்றார். எழுதினேன். மாற்றுப் பாதுகாப்பு? “மேல இருக்கறவரு பாத்துக்குவாரு” என்றார். நம் கட்டடத்தில் மேலே இருப்பது கேன்டீன். அங்கே இருப்பது அம்மாவாசை. சரி என்று ‘கேன்டீன் அம்மாவாசை பார்த்துக்கொள்வார்’ என்று எழுதிவிட்டேன். அன்பழகன் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “நான் கடவுளச் சொன்னேன்யா!”

கையெழுத்துக்குப் போனால் முதல் நாள் அவருக்குக் கண் வலி. இரண்டாம் நாள் பேனா இல்லை. என் பேனாவைக் கொடுத்தேன், அது பச்சை மசி, செல்லாது என்றார். மூன்றாம் நாள், “இதெல்லாம் எதுக்குக் கலியபெருமாளு பேப்பர்ல? வாயால சொன்னா ஆவாதா?” என்றார்.

நான் மட்டும் போட்டுவிடலாம் என்று சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தேன். துவைக்க எடுத்த உன் அக்கா கண்ணில் பட்டுவிட்டது. நின்ற வாக்கிலேயே முழுக்கப் படித்தாள். “ஒன் பேரு மொதல்ல இருக்குது. சொன்னவரு பேரு ஏன் கடைசியில இருக்குது? அவரு போட்டப்புறம் நீ போடு” என்றாள். பிளஸ் டூ படித்தவளுக்குத் தோன்றியது டிப்ளமோ படித்த எனக்குத் தோன்றாமல் போயிற்று. ஆகையால் நானும் போடவில்லை.

ஆனால் 24ஆம் தேதி எனக்குக் காலை ஷிப்ட். அன்று டவர் நின்றால் அந்த ஆள் என்னை விடமாட்டார். படிவம் இல்லாமல், ஓசைப்படாமல், சாவியை ஒரு நாள் கொடு. இதை ஷிப்ட் பொறுப்பாளராகக் கேட்கவில்லை. உன் அக்காள் புருஷனாகக் கேட்கிறேன்.

கலியபெருமாள்

•

18 மார்ச் 2025

ஐயா,

அக்காள் புருஷனாகக் கேட்டதால் அக்காள் தம்பியாகப் பதில் சொல்கிறேன். முடியாது.

அதற்குப் பதில் 22ஆம் தேதி ஆறு மணி நேரம் டவரை நீங்களாக நிறுத்திக் கொடுங்கள். கூலிங் பம்பைப் பிரித்துச் சரி செய்துவிடலாம். மெக்கானிக்கல் பிரிவில் பேசி ஆள் ஏற்பாடு செய்துவிட்டேன். பம்ப் சரியானால் 24ஆம் தேதி தானாக ஒழுங்காக ஓடும். மேனேஜரிடம் கேட்டுச் சொல்லவும்.

க. ராஜவேல்

•

24 மார்ச் 2025
மாலை

ஐயா,

22ஆம் தேதி டவரும் நிற்கவில்லை, என் கடிதத்துக்குப் பதிலும் இல்லை. அதனால் இன்று நடந்தது நடந்தது.

நடந்ததைப் பற்றி அறிக்கை எழுதும் வேலையை யூனிட் ஹெட் என்னிடம் கொடுத்திருக்கிறார். நாளை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். எழுதியவரை கீழே தருகிறேன். தவறு இருந்தால் திருத்தவும்.

காலை 10.41: கூலிங் பம்ப் நின்றது. மாற்றுப் பம்ப் கிளம்பவில்லை. டவரில் ஆவியைக் குளிரவைக்க ஏதுமில்லாமல் அழுத்தம் ஏறியது.

10.44: மூன்று மீட்டரும் சொல்ல, பெட்டி டவரை நிறுத்தியது. ஸ்டீம் வால்வு மூடிக்கொண்டது. அது மூடியதைக் காட்டும் பச்சை விளக்கு பேனலில் எரிந்ததை நானே பார்த்தேன்.

10.45: ஸ்டீம் நின்றும் அழுத்தம் இறங்கவில்லை. மேலே ஏறியது. ஜில்பேராக இருந்தால் பேய் என்று சொல்லியிருப்பார். எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. மூடிய வால்வைச் சுற்றிக்கொண்டு வேறு எங்கோ ஸ்டீம் போகிறது என்றுதான் அர்த்தம். அப்படிப் போக ஒரே வழிதான் உண்டு: பக்கவாட்டுக் குழாயில் இருக்கும் கை வால்வு. யாரும் திறக்கக் கூடாது என்று கம்பி கோத்து ஈய சீல் வைத்தது.

10.46: பாய்லரை நிறுத்தச் சொல்லிச் செம்மலை விரட்டிவிட்டு நான் ஓடினேன். எனக்கு முன்னால் நீங்கள் அங்கே இருந்தீர்கள். சீல் அறுந்து தரையில் கிடந்தது. சக்கரம் சூட்டில் இறுகிப்போயிருந்தது. இருவரும் சேர்ந்து சுற்றினோம். நடுவில் மேலே சேஃப்டி வால்வு திறந்துகொண்டு ஊளையிட்டது.

10.49: ஆறு சுற்றில் வால்வு மூடியது. அழுத்தம் இறங்கியது. நெருப்பு இல்லை. ஒருவர் கையில் சூட்டுக் காயம்.

இதுவரை எழுதிவிட்டேன். அடுத்து ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. ‘சீலை அறுத்தவர்’ என்பது அந்தக் கட்டத்தின் பெயர்.

நான் யாரையும் கேட்கவில்லை. உங்களைத்தான் கேட்கிறேன். கை எப்படி இருக்கிறது?

ராஜவேல்

•

25 மார்ச் 2025
காலை

ராஜவேலு,

வலது கையில் மூன்று விரல் கொப்புளம். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிண்டினது போல இருக்கும். முசியே ஜில்பேர் வீட்டுக்கே வந்து பிரெஞ்சு மருந்து ஒன்று தடவினார். மருந்தைவிட அவர் சொன்ன கதைதான் எரிச்சலைக் குறைத்தது.

சேஃப்டி வால்வு ஊளையிட்டதும் அந்த பொலின் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு என்ன சத்தம் என்று கேட்டார்களாம். அன்பழகன், மொழிபெயர்க்க நின்ற ஜில்பேரிடம், “மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊதற சங்குன்னு சொல்லுய்யா” என்றாராம். ஜில்பேர் பட்டாளத்தில் இருந்தவர் அல்லவா, கொடுத்த உத்தரவை அட்சரம் பிசகாமல் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார்: ‘மதாம், இது சாப்பாட்டுச் சங்கு என்று உங்களிடம் சொல்லும்படி மேனேஜர் எனக்குக் கட்டளையிடுகிறார்.’ அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்தே முக்காலுக்கா என்று கேட்டார்களாம். அதை மேனேஜருக்கு மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்றால் அங்கே அவர் இல்லை. அதற்குள் ஆலை கேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்.

சரி. உன் கட்டத்துக்கு வருகிறேன்.

அறுத்தது நான்தான். காலை ஒன்பதேகாலுக்கு, கட்டிங் பிளேயரால். “பொட்டிய ஒண்ணும் பண்ண வேணாம், அது நிறுத்தினா நிறுத்தட்டும். சைடுல ஸ்டீம் வந்துனு இருந்தா டவர் சூடு ஆறாது. பத்தே நிமிஷத்துல திரும்ப ஓட்டிடலாம். வந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார் மேனேஜர். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. சாவி தராத உன்மேல் இருந்த கோபத்தில் இன்னும் நியாயமாக இருந்தது. ஆறு சுற்றுத் திறந்தேன்.

மச்சான், ஒன்று கேட்கிறேன். சீல் பழசு, தானாக அறுந்துவிட்டது, வால்வு அதிர்வில் திறந்துகொண்டது என்று எழுதிவிடு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பெயர் போனால் வேலை போய்விடும். இந்த வயதில் எங்கே போய் ஷிப்ட் கேட்பேன்? அஞ்சலாட்சிக்கு இன்னும் சொல்லவில்லை. சூடான வால்வில் தெரியாமல் கை பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ஒரே வரிதான். எழுதிவிடு.

கலியபெருமாள்

•

25 மார்ச் 2025
பகல் 2 மணி

மாமா,

ஆறு சுற்று அதிர்வில் திறக்கும் வால்வு உலகத்திலேயே கிடையாது. அப்படி எழுதினால் எனக்கு டிப்ளமோ கொடுத்தவர்கள் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போவார்கள்.

எழுத மாட்டேன் மாமா. ‘சீல் தானாக அறுந்தது’ என்று நான் எழுதினால் புது சீல் வாங்கிக் கட்டுவார்கள், அத்தோடு முடிந்தது. அடுத்த விருந்தாளி வரும்போது அன்பழகன் செம்மலைக் கூப்பிட்டு அதே பிளேயரைக் கொடுப்பார். அவன் உங்களைவிடப் பயந்தவன். அவனோடு சக்கரத்தைச் சுற்ற ஆள் இருக்குமோ இருக்காதோ.

உங்கள் பெயரை எழுதிவிட்டேன். சொன்னவர் பெயரையும் எழுதிவிட்டேன், அவர் பெயரை முதலில். மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது. அது என்னுடையது.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் காலையில் எல்லா சீலையும் நடந்து போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. காதுகுத்துக்குப் பிறகு, நீங்கள் ஷிப்டில் இருக்கிற நாளில் நான் உங்கள் பக்கம் வருவதில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று, ஆபீசிலேயே உட்கார்ந்து ‘பார்த்தேன்’ என்று எழுதிவிடுவேன். நேற்று காலை ஒன்பதரைக்கும் அப்படித்தான் எழுதினேன். எழுந்து வந்திருந்தால் அறுந்த சீலைப் பார்த்திருப்பேன். அப்போதே மூடியிருக்கலாம். உங்கள் கை வெந்திருக்காது. அறிக்கையில் இதையும் எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இனி மிச்சம் வைக்க என்ன இருக்கிறது. ஹரிகிருஷ்ணன் மடி எனக்கு இரண்டு நாளில் மறந்துபோயிருக்கும். அன்று படியேறி வந்தேனே, பட்டு வேட்டி முழுக்க கிரீஸ். எல்லாரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை. நீங்களும் சிரித்தீர்கள். அந்த கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் உங்கள் நம்பரை பிளாக் செய்தேன்.

அறிக்கை ஐந்து மணிக்குப் போகிறது. உங்களிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று ஜில்பேரை மூலக்குளத்தில் உங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் அனுப்புகிறேன். அவர் இதைப் படித்துவிட்டு அழுதால் கண்டுகொள்ள வேண்டாம்.

ராஜவேல்

•

மூலக்குளம்
11 ஏப்ரல் 2025

அன்பு மச்சான் ராஜவேலுக்கு,

நலம். கொப்புளம் உரிந்து புதுத் தோல் வந்துவிட்டது. வலது கையாலேயே எழுதுகிறேன், பார்.

நேற்று நீயே என் நம்பரைத் திறந்துவிட்டு ஃபோன் செய்தாய். எவ்வளவோ பேச வேண்டும் என்று எடுத்தேன். என்ன பேசினோம்? நீ “மாமா” என்றாய். நான் “ம்” என்றேன். “வெயிலு ஜாஸ்தியா இருக்குது” என்றாய். “ஆமா, ஜாஸ்திதான்” என்றேன். பிறகு நாலு நிமிஷம் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். உன் அக்கா பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நமக்கு எழுத்துதான் சரிப்பட்டு வருகிறது.

அன்றைக்கு நீ ஐந்து மணிக்கு அறிக்கையோடு போனபோது யூனிட் ஹெட் அறையில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஏன் அப்படி முழித்தாய் என்று இப்போது சொல்கிறேன், கேள். உன் கடிதத்தை ஜில்பேர் என் கையில் கொடுக்கவில்லை. வாசலில் நின்ற உன் அக்காவிடம் கொடுத்துவிட்டார். அவள் இரண்டு முறை படித்தாள். திட்டவில்லை. சட்டையை எடுத்துக் கொடுத்தாள். “அவன் எழுதி நீ மாட்டறதா இருக்கக் கூடாது. நீயே போய்ச் சொன்னதா இருக்கணும். மணி மூணே கால் ஆவுது, கெளம்பு” என்றாள். அதே ஆட்டோவில் ஜில்பேரும் நானும் திரும்பி வந்தோம். வழியெல்லாம் அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு “கூராழ், கூராழ்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். யார் ஆள் என்று கேட்டேன். பிரெஞ்சில் தைரியம் என்று அர்த்தமாம்.

என் தாள், உன் அறிக்கை, மூன்றாவதாக மேனேஜரின் அறிக்கை. மூன்றையும் யூனிட் ஹெட் வரிசையாக வைத்துப் படித்தார். நான் என்னைக் குற்றம் சொல்லியிருந்தேன். நீ எங்களோடு சேர்த்து உன்னையும் சொல்லியிருந்தாய். அன்பழகன், சீலை எலி கடித்துவிட்டது என்று எழுதியிருந்தார். “இரும்புக் கம்பியயா?” என்று ஹெட் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நீயும்தானே கேட்டாய்: “பெரிய எலி சார்.” நாம் இரண்டு பேரும் அந்த நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. பார்த்திருந்தால் சிரித்திருப்போம், வேலை அங்கேயே போயிருக்கும்.

எனக்கு இருபது நாள் சஸ்பென்ஷன், உனக்கு மெமோ. அன்பழகன் இனி நம் ஆலையில் இல்லை, கம்பெனியின் வேறு ஏதோ ஊர் அலுவலகத்தில் நாற்காலி கொடுத்திருக்கிறார்களாம். கூலிங் பம்ப் இரண்டும் புதுசு வந்துவிட்டது, பக்கவாட்டுக் குழாயையே அறுத்து எடுத்துவிட்டார்கள் என்று செம்மல் வந்து சொன்னான். பொலின் அம்மாள் ஆர்டர் இன்னும் கொடுக்கவில்லையாம். ஜூலையில் மறுபடி வந்து பார்ப்பார்களாம். வரட்டும். அன்றைக்கு டவர் நிற்க வேண்டும் என்றால் நிற்கட்டும்.

சிரித்ததற்கு என்னை மன்னித்துக்கொள். எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்துவிட்டேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஃபோனில் வராத விஷயத்துக்கு வருகிறேன். உன் அறிக்கையில் 10.46க்கும் 10.49க்கும் நடுவே ஒன்றை விட்டுவிட்டாய். சக்கரம் மூன்று சுற்றுக்கு மேல் நகரவில்லை. மேலே அந்தச் சத்தம். என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ என் கையைத் தட்டிவிட்டு, “மாமா, வுடு! நான் பாத்துக்கறேன், நீ ஓடு! அபி சின்னப் புள்ள!” என்று கத்தினாய். சாவி கேட்டால் தராதவன், ஒரு மாதமாக என் முகத்தைப் பார்க்காதவன், அந்த நேரத்தில் என்னை ஓடச் சொன்னாய். திறந்தவன் நான், மூடுகிறவன் நீயா? அந்தக் கோபத்தில்தான் எனக்கு பலம் வந்தது. “மூடிக்கினு சுத்துடா” என்று நான் திட்டியது உனக்குக் கேட்டதோ இல்லையோ. நாலாவது சுற்று அதற்குப் பிறகுதான் நகர்ந்தது.

இதை அஞ்சலாட்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரையும் ராஜினாமா எழுத வைத்துவிடுவாள்.

பதினைந்தாம் தேதி எனக்கு ஷிப்ட் தொடங்குகிறது. காலையில் சீல் பார்க்க வருவாய். வா. முதலில் என் பக்கம் வந்து பார். ஆனால் இந்தக் கடிதத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் பேசாதே. பேசினால் என் கண் கலங்கும், செம்மல் பார்ப்பான், நான் உன்மேல் மறுபடி கோபித்துக்கொள்வேன். வெயிலைப் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

உன் அக்காள் புருஷன் என்ற முறையில்,
கலியபெருமாள்